மல்டிடூல் எந்த ஒயரை வெட்டும், எதை வெட்டாது

மல்டிடூல் என்பது மடங்கும் இரண்டு கைப்பிடிகளுக்குள் கத்தி, ஸ்குரூ டிரைவர், அரம், சிறு ரம்பம் ஆகியவற்றை அடக்கி, நடுவில் ஒரு பிளேயரையும் வைத்த கைக்கருவி. இடுப்பு பெல்ட்டில் மாட்டும் உறைக்குள் முழுவதும் அடங்கிவிடும். பிளேயர் வாயின் அடிப்பகுதியில், ரிவிட் ஆணிக்குப் பக்கத்தில், ஒயர் வெட்டுவதற்கென்று இரண்டு கூரான விளிம்புகள் இருக்கும். வாங்குகிறவர் முதலில் கத்தியைத்தான் விரித்துப் பார்ப்பார். மின்வேலையில் அதிகம் உழைப்பதும் முதலில் பழுதாவதும் இந்த வெட்டுவாய்தான்.

இன்றைய வடிவத்தில் மல்டிடூல் பரவக் காரணமானவர் அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தைச் சேர்ந்த டிம் லெதர்மேன் என்ற பொறியாளர். 1975-இல் பழைய ஃபியட் கார் ஒன்றில் ஐரோப்பாவைச் சுற்றியபோது, கையில் இருந்த சிறு மடக்குக் கத்தியோடு ஒரு பிளேயரும் இருந்திருந்தால் பாதிச் சிக்கல் தீர்ந்திருக்கும் என்ற எண்ணம் அவருக்கு வந்தது. 1980-இல் காப்புரிமை கிடைத்தது. 1983-இல் முதல் மாதிரி விற்பனைக்கு வந்தது. பிறகு கெர்பர், விக்டோரினாக்ஸ், எஸ்.ஓ.ஜி. போன்ற நிறுவனங்களும் தத்தம் மாதிரிகளைக் கொண்டுவந்தன. இப்போது இந்தியக் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சீன மாதிரியும் உண்டு, பத்தாயிரத்தைத் தாண்டும் மாதிரியும் உண்டு. விலை எதுவானாலும் வெட்டுவாய் கட்டுப்படும் இயற்பியல் ஒன்றுதான்.

தருமபுரி மாவட்டத்தில் அரூர்ப் பக்கம் உள்ள சித்தேரி மலை, கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. மலையாளிப் பழங்குடி மக்களின் சிற்றூர்கள் அங்கே ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி, காட்டுக்கும் சாமைக் கொல்லைக்கும் நடுவே கிடக்கின்றன. சமவெளியில் ஒயர் அறுந்தால் தெருமுனை எலக்ட்ரீஷியனைக் கூப்பிடலாம். மலையில் ஆளும் கருவியும் கீழேயிருந்து ஏறி வர வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் வேலைக்குப் போகிறவர் எல்லாக் கருவிகளையும் சுமக்க முடியாது. இடுப்பில் இருக்கும் ஒரே கருவி எந்த ஒயரை ஒழுங்காக வெட்டும், எதில் தோற்கும் என்பது அங்கே உண்மையான கேள்வி. இதற்கான விடை, பலரும் எண்ணுவதுபோல ஒயரின் தடிமனில் மட்டும் இல்லை. உலோகம் எது, அதில் எத்தனை இழை, வெட்டுவாயின் இரு அலகுகளுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்ற மூன்றிலும் இருக்கிறது.

ஒரு மலைக்கிராமத்தில் கைக்கு எட்டும் ஒயர்களை மின்கம்பத்திலிருந்து வீடு வரை வரிசையாகப் பார்க்கலாம். கம்பத்துக்குக் கம்பம் ஓடுவது பெரும்பாலும் ஏ.சி.எஸ்.ஆர். கம்பி: நடுவில் ஓர் எஃகு இழை, அதைச் சுற்றி முறுக்கிய ஆறு அலுமினிய இழைகள். இவற்றின் அளவுகளுக்கு மின்துறையில் ஸ்குவிரல், வீசல், ராபிட் என்று விலங்குப் பெயர்கள் வழங்குகின்றன. ஸ்குவிரலில் ஒவ்வோர் இழையும் 2.11 மில்லிமீட்டர், வீசலில் 2.59, ராபிட்டில் 3.35. கம்பத்திலிருந்து வீட்டுக்கு வருவது சர்வீஸ் ஒயர், பி.வி.சி. உறையிட்ட இரட்டை அலுமினியக் கம்பி. அதன் பாரத்தைத் தாங்குவதற்கு மேலே ஒரு ஜி.ஐ. கம்பி, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி, இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். மண்ணுக்குள் இறங்கும் எர்த் கம்பியும் ஜி.ஐ.தான். 10-ஆம் கேஜ் என்றால் 3.25 மில்லிமீட்டர், 8-ஆம் கேஜ் என்றால் 4.06.

வீட்டுக்குள் செம்பு. விளக்குக்கு 1 அல்லது 1.5 சதுர மில்லிமீட்டர், பிளக் பாயிண்டுக்கு 2.5, பெரிய சுமைக்கு 4. கடைக்காரர் வாயில் இவை ‘ஒன்றரை ஸ்கொயர்’, ‘ரெண்டரை ஸ்கொயர்’ ஆகிவிடும். வயதான எலக்ட்ரீஷியன்கள் இன்னும் 1/18, 3/20, 7/20 என்றே கேட்பார்கள்: முதல் எண் இழைகளின் எண்ணிக்கை, இரண்டாவது கேஜ். போர்வெல் உள்ள இடத்தில் சப்மெர்சிபிள் மோட்டாருக்குத் தட்டையான மூன்று கோர் கேபிள். கூரையில் சூரிய மின்தகடு இருந்தால் அதற்கென்று நேர்மின்சாரக் கேபிள். தமிழ்நாட்டில் 2011-இல் தொடங்கிய பசுமை வீடுகள் திட்டத்தில் கட்டிய வீடுகளுக்குச் சூரிய விளக்குகளும் சேர்ந்தே வந்தன.

இனி வெட்டு எப்படி நிகழ்கிறது என்பது. கூரான விளிம்பு உலோகத்தின் மேல் அழுந்தும்போது முதலில் உலோகம் வளைந்து கொடுக்கிறது. பிறகு விளிம்புக்கு இரு பக்கமும் ஒதுங்கி வழிகிறது. மிச்சமுள்ள மெல்லிய பகுதி தாங்காமல் கடைசியில் பிளந்து விடுகிறது. இதற்குத் தேவையான விசையைத் தோராயமாகக் கணக்கிடலாம். உலோகத்தின் இழுவலிமையை வெட்டுப்பரப்பால் பெருக்கி, அதில் பத்தில் ஏழு பங்கு எடுத்தால் போதும். பதப்படுத்திய செம்பின் இழுவலிமை சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 22 கிலோ. மின்பாதையில் ஓடும் கடின அலுமினியத்துக்கு 17. சாதாரண ஜி.ஐ. கம்பிக்கு 40 அளவில். ஏ.சி.எஸ்.ஆர். கம்பியின் நடு எஃகுக்கோ 130. கடைசி எண்ணை மறக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும். மல்டிடூல்களை ஊனமாக்குவது அதுதான்.

கை தரும் விசை எவ்வளவு? உடலுழைப்பில் பழகிய ஓர் ஆள் ஒரு கையால் உச்சமாக 45 கிலோ அளவுக்கு இறுக்கலாம். அலுக்காமல் திரும்பத் திரும்ப இறுக்க முடிவது அதில் பாதி, 25 கிலோ சுமார். மல்டிடூலில் ரிவிட் ஆணியிலிருந்து கை அழுத்தும் இடம் ஏறக்குறைய 7 சென்டிமீட்டர். வெட்டுவாயின் நடு 1.2 சென்டிமீட்டர். ஆக நெம்புகோல் பெருக்கம் 6 மடங்கு. 25 கிலோ அழுத்தினால் வெட்டுவாயில் 150 கிலோ. எலக்ட்ரீஷியன் பையில் கிடக்கும் 8 அங்குல கட்டிங் பிளேயரின் கைப்பிடி நீளம், ஆகவே பெருக்கம் 8 அல்லது 9 மடங்கு. அதே கை அங்கே 200 கிலோவுக்கு மேல் தரும். இன்னொரு வேறுபாடும் உண்டு. கட்டிங் பிளேயரின் கைப்பிடி உருண்டு, உறையிட்டு, உள்ளங்கைக்குப் பொருந்தியிருக்கும். மல்டிடூலின் கைப்பிடி மடித்த தகடு. ஆரம்பகால மாதிரிகளில் பிளேயரை விரித்துப் பிடித்தால் தகட்டின் ஓரமே உள்ளங்கையில் பதியும். வலிக்கிற கை முழு விசையைக் கொடுக்காது. கணக்கில் வரும் 6 மடங்கு நடைமுறையில் இன்னும் குறைந்துபோக இதுவே காரணம்.

எஸ்.ஓ.ஜி. நிறுவனம் இதற்கு ஒரு வழி கண்டது. கைப்பிடியையும் பிளேயர் வாயையும் நேராக இணைக்காமல், நடுவில் பற்சக்கரப் பற்களைக் கோத்து, கை அதிகம் நகர வாய் கொஞ்சம் நகரும்படி செய்தது. நகர்வில் இழப்பது விசையில் கூடுகிறது. தடிமனான செம்புக்கு இது நன்றாகவே உதவும்.

இரண்டு கணக்கையும் சேர்த்துப் பார்த்தால் படம் தெளிவாகிறது. 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயருக்கு வேண்டியது 40 கிலோ, 4-க்கு 60, 6-க்கு 95, 10-க்கு 155. வீட்டு ஒயரிங்கில் வரும் எதுவும் மல்டிடூலின் விசைக்கு அடங்கியதே. 10 சதுர மில்லிமீட்டரில்தான் கை தன் எல்லையைத் தொடுகிறது. சர்வீஸ் ஒயரின் 4 சதுர மில்லிமீட்டர் அலுமினியம் 45 கிலோவில் போய்விடும். ஆனால் அதன் மேலே ஓடும் 10-ஆம் கேஜ் ஜி.ஐ. கம்பி 230 கிலோ கேட்கும், 8-ஆம் கேஜ் 360. உச்ச பலத்தில் இறுக்கினாலும் மல்டிடூல் 270-ஐத் தாண்டாது.

ஸ்குவிரல் கம்பியில் கணக்கு இன்னும் வியப்பானது. சுற்றியுள்ள ஆறு அலுமினிய இழைகளின் மொத்தப் பரப்பு 21 சதுர மில்லிமீட்டர். அவை எல்லாவற்றையும் வெட்ட 250 கிலோ போதும். நடுவில் உள்ள ஒற்றை எஃகு இழையின் பரப்பு 3.5 மட்டுமே. அதற்குத் தனியாக 320 கிலோ வேண்டும். ஆறு பங்கு அலுமினியத்தைவிட ஒரு பங்கு எஃகு கடினம். வெளியே பார்த்தால் தெரியாது. வெள்ளை வெளேரென்று முழுவதும் அலுமினியம்போலவே இருக்கும். ‘அலுமினியம்தானே’ என்று நம்பி இறுக்குகிறவர் கருவியின் விளிம்பில் ஒரு பள்ளத்தை வாங்கிக்கொண்டு திரும்புவார்.

பள்ளம் ஏன் விழுகிறது என்பது விசையோடு முடியாத விஷயம். வெட்டும் விளிம்பு வெட்டப்படும் கம்பியைவிடக் கடினமாக இருந்தாக வேண்டும். எஃகின் கடினத்தை ராக்வெல் அளவில் சொல்வார்கள். பெரும்பாலான மல்டிடூல்களின் வாய் துருப்பிடிக்காத எஃகு; பதப்படுத்தியபின் அதன் கடினம் 50-க்குச் சற்று மேலே நிற்கும். அதற்கு மேல் ஏற்றினால் விளிம்பு உதிரும். விக்டோரினாக்ஸ் தன் ஸ்விஸ்டூலின் சாதாரண வெட்டுவாய்க்கு ராக்வெல் 40 என்று வரம்பே கட்டியிருக்கிறது. கடினக் கம்பிக்குத் தனியாக வேறோர் இடம் கொடுத்திருக்கிறது. ராக்வெல் 40 என்பது இழுவலிமையில் சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 125 கிலோ. ஏ.சி.எஸ்.ஆர். எஃகு இழையின் 130-ஐ இதோடு வைத்துப் பார்த்தால், அது சரியாக வரம்புக்கு வெளியே விழுகிறது. சைக்கிள் பிரேக் கேபிள், ஸ்பிரிங் கம்பி ஆகியவை இன்னும் மேலே. செம்பும் அலுமினியமும் இந்த அளவுகோலின் அடிமட்டத்தைக்கூட எட்டாதவை; அவற்றை எத்தனை ஆயிரம் முறை வெட்டினாலும் விளிம்பு பள்ளம் விழாது, மெல்லத் தேயும், அவ்வளவுதான்.

விளிம்பு கெட்டால் கருவியே வீண் என்ற நிலை நெடுங்காலம் இருந்தது, ஏனென்றால் விளிம்பு பிளேயர் வாயிலேயே தீட்டப்பட்டிருந்தது. 1998-இல் வந்த லெதர்மேன் வேவ் அப்படிப்பட்டது. 2018-இல் வந்த வேவ் பிளஸ்ஸில் வெட்டு அலகுகள் தனித் துண்டுகள். சிறு திருகுகளைக் கழற்றிப் புதியதை மாட்டலாம். கெர்பர் சில மாதிரிகளில் டங்ஸ்டன் கார்பைடில் செய்த முக்கோணத் துண்டுகளைப் பொருத்தியது. ஒரு பக்கம் தேய்ந்தால் திருப்பி அடுத்த பக்கத்தைப் பயன்படுத்தலாம். கார்பைடு எஃகைவிட மிகக் கடினம், ஆனால் நொறுங்கும் தன்மையுடையது. வெட்டும்போது கருவியைப் பக்கவாட்டில் ஆட்டினால் ஓரம் தெறிக்கும். மலையில் உழைக்கும் கருவிக்கு மாற்றக்கூடிய அலகு நல்ல யோசனைதான். ஆனால் மாற்று அலகு அரூர்க் கடையில் கிடைக்குமா என்று கேட்டுவிட்டு வாங்குவது புத்திசாலித்தனம்.

தடிமனான கம்பியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் மல்டிடூலின் உண்மையான பலவீனம் கண்ணில் படாது. அது தோற்பது மெல்லிய இழைகளிடம்.

இந்தியத் தரநிலைகள் மின்கடத்திகளை வகுப்புகளாகப் பிரிக்கின்றன. முதல் வகுப்பு ஒற்றைக் கம்பி. இரண்டாம் வகுப்பு ஏழு போன்ற சில இழைகள். ஐந்தாம் வகுப்பு நிறைய மெல்லிய இழைகள் கொண்ட நெகிழ் கம்பி. நெகிழ் வகையில் 1.5 சதுர மில்லிமீட்டர் என்றால் 0.3 மில்லிமீட்டர் இழைகள் 22, 2.5 என்றால் 36. 4 என்றால் 56. 6 என்றால் 84. மோட்டாருக்குப் போகும் தட்டைக் கேபிளும் சூரியத் தகட்டுக் கேபிளும் இந்த வகை.

மல்டிடூல்களின் வெட்டுவாய் இரண்டு விதம். ஒன்றில் இரு விளிம்புகளும் நேருக்கு நேர் முட்டும். இது கடித்து வெட்டுவது. மற்றொன்றில் ஓர் அலகு மற்றதை உரசிக்கொண்டு கடந்து போகும், இது கத்தரிப்பது. வெட்டிய முனையை உருப்பெருக்குக் கண்ணாடியில் பார்த்தால் எது எதுவென்று தெரிந்துவிடும். கடித்து வெட்டிய செம்பின் முனை இரு பக்கமும் சரிந்து, நடுவில் ஒரு வரம்பு எழுந்து, கூரை முகடாக நிற்கும். கத்தரித்த முனையில் ஒரு பாதி பளபளப்பாக வழுக்கிப் போயிருக்கும், மறுபாதி மங்கலாகக் கிழிந்திருக்கும்; மொத்தத்தில் தட்டையாக இருக்கும். ஒயரை லக் என்னும் இணைப்பு முனையில் செருகவோ டெர்மினலில் நுழைக்கவோ தட்டையான முனைதான் நல்லது.

கத்தரிக்கும் வகைக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. இரு அலகுகளும் ஒன்றையொன்று தொட்டபடி கடக்க வேண்டும். மல்டிடூலின் பிளேயர் மெல்லியது, ரிவிட் ஆணியும் சிறியது. கொஞ்ச காலம் உழைத்ததும் ஆணி தளர்ந்து, அலகுகளுக்கிடையே கால் மில்லிமீட்டர் அளவுக்கு வழி திறந்துவிடும். 2 மில்லிமீட்டர் ஒற்றைக் கம்பிக்கு இந்த இடைவெளி ஒரு பொருட்டே இல்லை, அது வெட்டுப்படும். 0.3 மில்லிமீட்டர் இழைக்கோ அது வாசல். தளர்ந்த கத்தரிக்கோலில் துணி மடிந்து சிக்குவதுபோல, இழை வெட்டுப்படாமல் அலகுகளுக்கு நடுவே மடங்கிச் சொருகிக்கொள்ளும். கையை விட்டதும் 36 இழைகளில் 30 வெட்டுப்பட்டு, மிச்சம் ஆறு தட்டையாக நசுங்கித் தொங்கும். வெட்டுகிறவர் மறுபடி இறுக்குவார், இன்னும் மடங்கும். பிறகு கேபிளை முறுக்கி இழுத்துப் பிய்ப்பார். இழுபட்ட செம்பு இறுகி, உடையும் பதத்துக்கு வந்துவிடும். ஆகவே 4 சதுர மில்லிமீட்டர் ஒற்றைக் கம்பியைச் சுத்தமாக வெட்டிய அதே மல்டிடூல் 1.5 சதுர மில்லிமீட்டர் நெகிழ் ஒயரில் திணறுவது கடைக்காரர் ஏமாற்றியதால் அல்ல.

இதைச் சோதிக்க ஆய்வுக்கூடம் வேண்டாம். மல்டிடூலை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், அலகுகளுக்கு நடுவே கீற்றாக ஒளி தெரிகிறதா என்று பார்க்கலாம். பழைய செய்தித்தாளின் ஓரத்தை வெட்டுவாயில் வைத்து இறுக்கினால், நல்ல அலகு தாளைக் கத்தரிக்கும், தளர்ந்தது மடித்துக் கொடுக்கும். ரிவிட்டுக்குப் பதில் திருகு வைத்த மாதிரியாக இருந்தால் கால் சுற்று இறுக்கிச் சரிசெய்துவிடலாம். சில மாதிரிகளின் கைப்பிடிக்குள் தனியாக ஒரு கத்தரிக்கோலும் இருக்கும். மெல்லிய இழை ஒயரை அதனால் வெட்டலாமா என்று தோன்றும். 0.5 சதுர மில்லிமீட்டர் வரை வெட்டலாம், அதற்கு மேல் கத்தரிக்கோலின் ஸ்பிரிங் போய்விடும்.

தட்டைக் கேபிளில் இழைகளைத் தாண்டி உறையும் ஒரு தடை. மூன்று கோரையும் பக்கம் பக்கமாக வைத்து மேலே ஒரு பி.வி.சி. மேலுறை இட்டிருப்பதால், கேபிளின் அகலம் மல்டிடூலின் வெட்டு விளிம்பின் நீளத்தைத் தாண்டிவிடும். முழுக் கேபிளையும் ஒரே கடியில் வெட்ட முனைந்தால், வெளிப்பக்கக் கோர் விளிம்பைவிட்டு வழுக்கிப் பிடிவாய்க்குள் போய் நசுங்கும். பி.வி.சி. கூரான விளிம்புக்கு இலகுவாக வழிவிடும், மழுங்கியதற்கு ரப்பரைப்போல அமுங்கி எழும். கையின் விசையில் பெரும்பங்கு உறையை அமுக்குவதிலேயே போய்விடுகிறது. முதலில் மல்டிடூலின் கத்தியால் மேலுறையை நீளவாக்கில் கீறி விலக்கி, கோர் ஒவ்வொன்றையும் தனித்தனியாக, ரிவிட் ஆணிக்கு மிக நெருக்கமாக வைத்து வெட்டுவதே முறை. ஆணியிலிருந்து 16 மில்லிமீட்டரில் வைப்பதற்கும் 8 மில்லிமீட்டரில் வைப்பதற்கும் விசையில் இரண்டு மடங்கு வித்தியாசம்.

உறை உரிக்கும் வேலையில் மல்டிடூலின் மதிப்பெண் குறைவு. பல மாதிரிகளில் கத்தியின் அடியிலோ ஸ்குரூ டிரைவரின் பக்கத்திலோ ஒரு சிறு பிளவு வெட்டி, அதை ஒயர் ஸ்ட்ரிப்பர் என்கிறார்கள். ஒயரின் அளவுக்கேற்ப அது மாறாது. 2.5-க்குச் சரியாக இருந்தால் 1.5-இல் உறை உரியாது, 4-இல் செம்பைக் கீறும். ஏழு இழை ஒயரில் ஓர் இழை அறுந்தால் மின்னோட்டம் போகும் பரப்பில் ஏழில் ஒரு பங்கு அந்த இடத்தில் குறைகிறது. 36 இழையில் ஐந்து போனாலும் அதே இழப்பு. அலுமினியத்தில் கீறல் இன்னும் மோசம். சர்வீஸ் ஒயர் காற்றில் ஆடிக்கொண்டே இருப்பதால் கீறிய இடத்திலேயே நாளடைவில் முறியக்கூடும்.

வெட்டு மோசமானால் என்ன, கரண்டு வருகிறதே என்று விட்டுவிடுவது வழக்கம். அங்கேதான் ஆபத்து தொடங்குகிறது. நசுங்கிய முனை டெர்மினலின் துளைக்குள் முழுதாக நுழையாது. சில இழைகள் வெளியே நிற்கும், திருகு மிச்சத்தின் மேல் அரைகுறையாக உட்காரும். அந்தத் தொடுமுனையின் மின்தடை 0.05 ஓம் மட்டுமே என்று வைத்துக்கொள்வோம். மோட்டார் 10 ஆம்பியர் இழுத்தால் அந்தத் திருகில் மட்டும் 5 வாட் வெப்பம் பிறக்கிறது. மூடிய ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் அது போக வழியில்லை. சூட்டில் செம்பு கறுக்கிறது, கறுத்ததால் தடை ஏறுகிறது, தடை ஏறியதால் சூடு ஏறுகிறது. சாதாரண பி.வி.சி. உறை 70 டிகிரி செல்சியஸ் வரையே தொடர்ந்து தாங்கும். ஸ்டார்ட்டரைத் திறந்தால் ஒரு முனையில் மட்டும் உறை சுருங்கிப் பழுப்பேறியிருப்பதைப் பல வீடுகளில் பார்க்கலாம். பழி மோட்டாரின் மேல் விழும். காரணம் பெரும்பாலும் அந்த ஒரு வெட்டு.

ஆக, கட்டிங் பிளேயரோடு வைத்து ஒப்பிட்டால் தீர்ப்பு என்ன? ஒயர் வெட்டுவது ஒன்றே வேலையென்றால், தபாரியா போன்ற இந்திய நிறுவனங்களின் 8 அங்குல கட்டிங் பிளேயர், சில நூறு ரூபாய் விலையில், பத்தாயிரம் ரூபாய் மல்டிடூலை எல்லா அளவிலும் மிஞ்சும். அதன் வாய் அடித்து உருவாக்கிய எஃகு, ரிவிட் தடிமன், கைப்பிடி நீளம், விளிம்பு மட்டும் தனியாகக் கடினமேற்றியது. 10-ஆம் கேஜ் ஜி.ஐ. கம்பியை அது திணறித் திணறியாவது வெட்டும். 16 சதுர மில்லிமீட்டருக்கு மேற்பட்ட செம்பு, அலுமினியக் கேபிளுக்கு இரண்டுமே வேண்டாம். வளைந்த வாய் கொண்ட கேபிள் கட்டர் வேண்டும். அந்த கட்டரும் எஃகுக்கு ஆகாது. எஃகு நடுக்கம்பி உள்ளதற்கும் எஃகுக் கவசமிட்டு மண்ணில் புதைக்கும் ஆர்மர்டு கேபிளுக்கும் ஆக்ஸா பிளேடே கதி. மல்டிடூலை எஃகின் மேல் வைத்துச் சுத்தியலால் தட்டுவது வெட்டுவாயோடு ரிவிட்டையும் சேர்த்துக் கொல்லும்.

மல்டிடூலின் இடம் வேறு. கருவிப் பை கீழே இருக்கும்போது, 4 சதுர மில்லிமீட்டருக்கு உட்பட்ட செம்பையோ அலுமினியத்தையோ வெட்டி, உறை நீக்கி, திருகை இறுக்கி, வேலையை முடிக்கக்கூடிய ஒரே கருவி அது. ஒயர் மூன்று தரம் இறுக்கிய பிறகே வெட்டுப்பட்டாலும் ஸ்குரூ டிரைவரும் கத்தியும் கையோடு இருப்பது மலையில் பெரிய உதவி. இதை மதிக்க வேண்டும். இதற்கு மேல் அதனிடம் கேட்கக் கூடாது.

எல்லா ஒப்பீட்டுக்கும் முந்திய விஷயம் ஒன்று இருக்கிறது. மல்டிடூலின் கைப்பிடி வெறும் எஃகு. உள்ளங்கை முழுவதும் உலோகத்தைத் தொட்டபடியே வெட்ட வேண்டியிருக்கிறது. 230 வோல்ட் ஓடும் ஒயரை அதனால் வெட்டுவது பேஸ் ஒயரைக் கையால் பிடிப்பதற்குச் சமம். ஈர மண்ணில் வெறுங்காலோடு நிற்பவருக்கு அது உயிர்போகும் வழி. கைப்பிடியில் டேப் சுற்றுவதால் பயனில்லை. மடங்கும் மூட்டு திறந்தேதான் இருக்கும். சாதாரண கட்டிங் பிளேயரின் சிவப்பு, மஞ்சள் உறையையும் முழுதாக நம்பக் கூடாது. மின்சாரம் ஓடும் இடத்தில் வேலை செய்யவென்று பன்னாட்டுத் தரநிலை ஐ.இ.சி. 60900-இன்படி சோதித்த கருவிகளில் இரட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்ற எழுத்தும் பொறித்திருக்கும். அந்தக் குறியில்லாத உறை பிடிமானத்துக்கு மட்டுமே. பேஸையும் நியூட்ரலையும் சேர்த்து ஒரே கடியில் வெட்டினால் வெட்டுவாய் வழியாக ஷார்ட் ஆகி, விளிம்பு அரைவட்டமாக உருகிப் போகும். கண்ணுக்கும் பொறி பறக்கும்.

மெயினை அணைத்து, பியூஸ் கட்டையைக் கழற்றி, அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்ட பிறகே வெட்டுவாய் ஒயரைத் தொட வேண்டும். கழற்றிய பின்னும் டெஸ்டரால் ஒரு தரம் பார்க்க வேண்டும், அந்த டெஸ்டரை முதலில் கரண்டு உள்ள இடத்தில் வைத்து எரிகிறதா என்று பார்த்துவிட்டு. சூரியத் தகட்டுக் கேபிளில் இன்னொரு எச்சரிக்கை: பகலில் தகட்டை அணைக்கச் சுவிட்ச் கிடையாது. போர்வையாலோ தார்ப்பாயாலோ மூடிவிட்டு, இரு கோர்களையும் தனித்தனியாக வெட்ட வேண்டும்.

மழைக்காலத்தில் மரக்கிளை விழுந்து கம்பத்துக் கம்பி அறுந்து கிடந்தால், எந்தக் கருவியும் அதற்கு ஆகாது. அது மின்வாரியத்தின் சொத்து. அதை எடுத்துக் கட்டுவது பாதையை அணைத்துவிட்டு வரும் லைன்மேன் வேலை. அறுந்த கம்பி பொறி கிளப்பாமல் அமைதியாகக் கிடந்தாலும் அதில் மின்சாரம் இருக்கலாம். சுற்றியுள்ள ஈர மண்ணிலும் இருக்கலாம். ஆடுமாட்டையும் பிள்ளைகளையும் அந்தப் பக்கம் விடாமல் தடுத்து, தமிழ்நாடு மின்வாரியத்தின் மின்னகம் சேவை எண் 94987 94987-க்குச் சொல்ல வேண்டும். 2021 முதல் இயங்கும் அந்த எண் 24 மணி நேரமும் கிடைக்கும்.